ஊசி ஈட்டிய உரிமை

பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்போடு ஒரு கைத்தொழிலையும் நடத்திப் பொருளீட்டும் தாய்மாரை எந்த நாட்டிலும் காணலாம். அடுப்பிலே உலை கொதிக்க, தொட்டிலிலே குழந்தை உறங்க, இடையிலே கிடைத்த சிறு பொழுதில் தைப்பவர், பின்னுபவர், முடைபவர் எத்தனையோ பேர். அவர்களுடைய உழைப்பை வெறும் பொழுதுபோக்கென்று கருதுவோர் உளர். வீட்டுச் செலவுக்கு ஒரு சிறு துணை என்று மதிப்போரும் உளர். அந்த உழைப்பின் பெறுமதி உண்மையில் எவ்வளவு? அதற்கு வேண்டிய கற்பனையும் ஊக்கமும் எங்கிருந்து வருகின்றன? ஈட்டிய பொருள் யாரைச் சென்று சேர்கின்றது? இவ்வினாக்களுக்கு வரலாற்றில் விடை தேடப் புகும்போது, பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐக்கிய அமெரிக்காவில் வாழ்ந்த ஒரு தாயின் வரலாறு நம் கண்முன் வந்து நிற்கின்றது. அவருடைய பெயர் எலிசபெத் கெக்லி. அவர் உடை தைப்பவர். ஒரு மகனைப் பெற்ற தாய். தம் வாழ்நாளின் முதல் முப்பத்தேழு ஆண்டுகளையும் அடிமையாகக் கழித்தவர்.

அவர் 1818ஆம் ஆண்டில் வேர்ஜீனியா மாநிலத்திலுள்ள டின்விடி என்னும் ஊரிலே பிறந்தார். தமது வாழ்க்கையை அவரே 1868ஆம் ஆண்டில் ஒரு நூலாக எழுதி வெளியிட்டார். அவரைப்பற்றி நாம் அறிவனவற்றுட் பெரும்பகுதி அந்நூலிலிருந்தே கிடைக்கின்றது.

அவர் பிறந்த நாட்டின் சட்டத்தை முதலில் அறிந்துகொள்ளுதல் வேண்டும். வேர்ஜீனியாவில் 1662ஆம் ஆண்டிலே இயற்றப்பட்ட ஒரு சட்டம், பிறக்கும் குழந்தை தாயின் நிலையையே பெறும் என்று விதித்தது. தந்தை எவராயினும் ஆகுக. தாய் அடிமையாயின் பிள்ளையும் அடிமை. எலிசபெத்தின் தந்தை அவருடைய எசமானாகிய பர்வெல் என்பவரே. ஆயினும் மகள் தந்தையின் வீட்டிலே மகளாக வளரவில்லை. அவருடைய உடைமைகளுள் ஒன்றாகவே வளர்ந்தாள்.

எலிசபெத்தின் தாய் அக்னெஸ். பர்வெல் குடும்பத்தில் ஒரு காலத்தில் எழுபது அடிமைகள் இருந்தனர் என்று எலிசபெத் எழுதுகிறார். எசமான் வீட்டாருக்கும் அந்த அடிமைகளுக்கும் வேண்டிய ஆடைகளை எல்லாம் தைக்கும் வேலை அக்னெஸின் தலைமேல் விழுந்திருந்தது. சிறுமி எலிசபெத் தையலைக் கற்றது அந்தத் தாயின் மடியிலேதான். தாய் தன் மகளுக்கு நிலமோ பொன்னோ கொடுக்க வழியில்லை. ஊசி பிடிக்கும் கையை மாத்திரம் கொடுத்தாள். எந்த எசமானும் பறித்துக்கொள்ள முடியாத சீதனம் அது ஒன்றே.

நான்கு வயதில் எலிசபெத்துக்கு முதல் வேலை கொடுக்கப்பட்டது. எசமானுடைய கைக்குழந்தையின் தொட்டிலை ஆட்டுவதே அவ்வேலை. குழந்தைமேற் கொண்ட ஆசையால் அவள் தொட்டிலை வேகமாக ஆட்டினாள். குழந்தை கீழே விழுந்தது. என்ன செய்வதென்று அறியாத அச்சிறுமி, அடுப்புச் சாம்பல் அள்ளும் கருவியால் குழந்தையைத் தூக்க முயன்றாள். அதற்காக அவளுக்குக் கிடைத்தது கசையடி. அவள் பெற்ற முதலாவது கொடிய தண்டனை அது.

அக்னெஸின் கணவர் ஜோர்ஜ் ஹொப்ஸ் வேறோர் எசமானுக்குரிய அடிமை. எலிசபெத் அவரையே தந்தையென்று எண்ணி அன்பு பாராட்டினாள். அவருடைய எசமான் மேற்குத் திசைக்குக் குடிபெயர்ந்தபோது அவரும் உடன் செல்ல வேண்டியதாயிற்று. பிரிந்தவர்கள் மீண்டும் ஒன்றுசேரவில்லை. கடிதங்கள் மாத்திரம் சில காலம் வந்துகொண்டிருந்தன. அடிமைக்குடும்பம் என்பது எசமானின் ஒரு சொல்லால் எந்த நாளும் கலைந்துபோகக்கூடியது என்பதை எலிசபெத் இளமையிலேயே கண்டுகொண்டாள்.

பதினான்காம் வயதில் அவள் எசமானின் மூத்த மகனுடைய வீட்டுக்கு அனுப்பப்பட்டாள். பின்னர் அக்குடும்பத்தோடு வட கரோலினாவிலுள்ள ஹில்ஸ்பரோ என்னும் ஊருக்குச் சென்றாள். அங்கே அவள் அடைந்த துன்பங்கள் பல. அவளுடைய மனவுறுதியை முறிக்க வேண்டுமென்றே அடித்தார்கள். அவ்வூர் வெள்ளையர் ஒருவர் நான்கு ஆண்டுகள் அவளை வற்புறுத்தித் துன்புறுத்தினார். அதன் பயனாக அவள் ஒரு மகனைப் பெற்றாள். ஜோர்ஜ் என்று அவனுக்குப் பெயரிட்டாள். தோற்றத்தில் அவன் வெள்ளையருடைய பிள்ளையைப் போலவே இருந்தான். ஆனால் 1662ஆம் ஆண்டின் சட்டம் அவனையும் தொடர்ந்து வந்தது. தாய் அடிமை, ஆகவே மகனும் அடிமை. மகனை அந்த நிலையிலிருந்து மீட்க வேண்டும் என்னும் எண்ணம் அவருடைய உள்ளத்திலே வேரூன்றியது. அவருடைய பிற்காலத் தொழில் வாழ்க்கை முழுவதையும் விளங்கிக்கொள்வதற்கு இந்த எண்ணமே திறவுகோல்.

பின்னர் எலிசபெத்தும் அவருடைய தாயும் மகனும் எசமானின் மகளான திருமதி கார்லண்டின் குடும்பத்துக்கு உரியவராயினர். அக்குடும்பம் 1847ஆம் ஆண்டளவில் மிசூரி மாநிலத்துச் சென்ற் லூயிஸ் நகரிலே குடியேறியது. கார்லண்ட் ஒரு வழக்கறிஞர். விடுதலை வேண்டி வழக்காடிய டிரெட் ஸ்கொட் என்னும் அடிமையின் புகழ்பெற்ற வழக்கிலே, மிசூரி நீதிமன்றங்களில் அடிமையின் எதிர்த்தரப்புக்காக வாதாடியவர்களுள் அவரும் ஒருவர். சட்டம் படித்தவராயினும் அவருடைய குடும்பம் கடும் பண முடைக்கு உள்ளாகியது. வருவாய்க்கு வழி தேடிய அவர், முதுமையடைந்துவிட்ட அக்னெஸைப் பிறர் வீட்டில் கூலிவேலைக்கு அமர்த்தலாம் என்று எண்ணினார்.

எலிசபெத்தின் உள்ளம் இதைப் பொறுக்கவில்லை. தம் தாயை இந்த வயதிலே அந்நியர் வீட்டுக்கு அனுப்ப வேண்டாம் என்றும், அவருக்குப் பதிலாகத் தாமே உழைத்துப் பொருள் கொண்டுவருவதாகவும் வேண்டிக்கொண்டார். கார்லண்ட் இசைந்தார். அன்று தொடங்கி எலிசபெத்தின் ஊசி ஒரு தொழிலின் கருவியாயிற்று.

அக்காலத்தில் பெண்களுக்கான உடை தைத்தல் இன்று நாம் எண்ணுவதுபோல் எளிய வேலையன்று. அளவு வாரியாக அச்சிட்ட காகித மாதிரிகள் 1863ஆம் ஆண்டுக்குப் பின்னரே அமெரிக்காவில் பெருமளவில் விற்பனைக்கு வந்தன. அதற்கு முன்னர், தைப்பவளே உடையவரின் உடலில் உள்துணியை வைத்து, ஊசி குத்தி, அளந்து, வெட்டி, தற்காலிகமாக நூலோட்டிப் பார்த்து, மீண்டும் பிரித்துத் திருத்த வேண்டும். மேற்சட்டை உடலோடு ஒரு சுருக்கமுமின்றிப் பொருந்த வேண்டும். பாவாடையோ பல யார் துணியைக் கொண்டு விரிந்து நிற்க வேண்டும். பட்டும் வெல்வெற்றும் மிகுந்த விலையுடையவை; கத்தரிக்கோல் ஓரங்குலம் பிழைத்தால் நட்டம் தைப்பவளைச் சேரும். ஆகவே வெட்டுதலும் பொருத்துதலும் அறிந்த கைக்கு நகரங்களிலே தனி மதிப்பு இருந்தது. எலிசபெத்தின் கை அத்தகையது.

சென்ற் லூயிஸ் நகரச் சீமாட்டிகள் அவரைத் தேடி வரலாயினர். இரண்டு ஆண்டுகளும் ஐந்து மாதங்களும் தம்முடைய ஊசியினாலே பதினேழு பேருக்கு உணவளித்ததாக அவர் எழுதுகின்றார். அப்பதினேழு பேரும் எசமானின் குடும்பத்தவரும் அவ்வீட்டைச் சார்ந்தவருமே. உழைத்தவர் அடிமை, உழைப்பின் பயனை உண்டவர் எசமானர். பகலிலும் இரவிலும் தைத்து ஈட்டிய காசு அவருடைய கைக்கு வராமலே சென்றது.

ஆயினும் அந்த இரண்டரை ஆண்டு உழைப்பும் அவருக்கு முற்றாக வீணாகிவிடவில்லை. காசு எசமானைச் சேர்ந்தது. ஆனால் பெயர் எலிசபெத்தைச் சேர்ந்தது. இந்த உடையைத் தைத்தவர் யார் என்று ஒருவர் கேட்டால், கார்லண்ட் என்று எவரும் விடை கூறமாட்டார் அல்லவா? கூலியைப் பறிக்கலாம், கைத்திறனால் வந்த நற்பெயரைப் பறிக்க முடியாது. அப்பெயர் சில ஆண்டுகளிலே பணமாக மாறியதை இனிக் காண்போம்.

தமக்கும் மகனுக்கும் விலை கூறுமாறு எலிசபெத் கார்லண்டிடம் கேட்டார். அவர் மறுத்தார், அப்பேச்சை இனி எடுக்கவே கூடாதென்றும் சொன்னார். எலிசபெத் மீண்டும் கேட்டார். ஒரு நாள் கார்லண்ட், கால் டொலர் வெள்ளி நாணயமொன்றை எடுத்து நீட்டி, மிசிசிப்பி ஆற்றைக் கடக்கும் படகுக்கு இது போதும், மகனையும் அழைத்துக்கொண்டு போய்விடு என்றார். ஆற்றின் மறுகரையிலே இலினோய் மாநிலம். அங்கே அடிமைமுறை இல்லை. எலிசபெத் அந்த நாணயத்தை வாங்க மறுத்துவிட்டார். ஆற்றைக் கடக்கும் வழி தமக்குத் தெரியாததன்று என்றும், நாட்டின் சட்டம் தம்மை அடிமையென்று கூறுவதனால் அச்சட்டம் ஏற்கும் வழியிலேயே விடுதலை பெற விரும்புவதாகவும் அவர் விடையளித்தார்.

இந்த விடையைப் பலர் பலவாறு மதிப்பிடலாம். தப்பியோடி விடுதலை பெற்ற அடிமைகளும் மதிப்புக்குரிய வீரர்களே. ஆனால் தாயாகிய எலிசபெத்தின் நிலை வேறு. ஓடிப்போன அடிமையைப் பிடித்து மீட்பதற்கு 1850ஆம் ஆண்டிலே இயற்றப்பட்ட கடுமையான சட்டம் நாடு முழுவதற்கும் உரியதாயிருந்தது. ஓடிச் சென்றால் தாயும் மகனும் வாழ்நாள் முழுவதும் கதவு தட்டும் ஓசைக்கு அஞ்சி வாழ வேண்டும். எவரும் மறுக்க முடியாத ஓர் உரிமைப் பத்திரத்தை மகனுடைய கையிற் கொடுக்க வேண்டுமென்றே அவர் விரும்பினார்.

இறுதியாகக் கார்லண்ட் இருவருக்கும் சேர்த்து 1,200 டொலர் என்று விலை குறித்தார். இதனால் நம்பிக்கை கொண்ட எலிசபெத், ஜேம்ஸ் கெக்லி என்பவரை மணந்தார். அவர் தம்மை அடிமையல்லர் என்று கூறியிருந்தார். மணத்தின் பின்னரே அவரும் அடிமையென்பது தெரியவந்தது. குடிப்பழக்கமும் அவரிடம் இருந்தது. மனைவியின் சுமை இரட்டித்தது. விலை தெரிந்திருந்தும், குடும்பச் செலவுகளுக்கிடையே அதில் ஒரு சிறு பகுதியைத்தானும் சேமிக்க முடியாமல் அவர் தவித்தார்.

1854ஆம் ஆண்டில் கார்லண்ட் இறந்தார். எலிசபெத் நியூ யோர்க் நகருக்குச் சென்று, அங்குள்ள நல்லோரிடம் உதவி கேட்கலாம் என்று முடிவு செய்தார். அவர் திரும்பி வராவிட்டால் தொகையை ஈடுசெய்வதாக ஆறு கனவான்கள் பிணையாகக் கையொப்பமிட வேண்டும் என்று எசமானி நிபந்தனை விதித்தாள். ஐவர் ஒப்பமிட்டனர். ஆறாமவர் ஒப்பமிட இசைந்தபோதிலும், வடக்கே சென்றால் நீ திரும்பி வரமாட்டாய் என்று சொல்லிவிட்டார். தம் சொல்லை நம்பாதவருடைய கையொப்பம் தமக்கு வேண்டாம் என்று எலிசபெத் வெறுங்கையோடு வீடு திரும்பினார்.

மனமுடைந்திருந்த அந்த வேளையிலே, அவரிடம் உடை தைப்பிக்கும் லெ பூர்ஜ்வா என்னும் சீமாட்டி அவரைத் தேடி வந்தாள். நியூ யோர்க் நகர மக்களிடம் சென்று இரக்க வேண்டியதில்லை. உன் கையை அறிந்த எங்களிடமே பணம் உண்டு என்ற கருத்துப்படப் பேசினாள். அவளும் அவளைச் சார்ந்தவர்களும் முதலில் 200 டொலர் கொடுத்தனர். ஏனைய வாடிக்கையாளரும் சேர்ந்தனர். 1,200 டொலரும் திரண்டது. 1855ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 13ஆந் தேதியன்று விடுதலைப் பத்திரம் எழுதப்பட்டது. தாயும் மகனும் உரிமை பெற்றனர்.

கொடுத்தவர்கள் அதனை நன்கொடையென்றே கொடுத்தனர். எலிசபெத் அதனைக் கடனென்றே பெற்றார். சென்ற் லூயிஸ் நகரிலேயே தங்கி, இரவு பகலாகத் தைத்து, அக்கடனை முழுவதும் தீர்த்த பின்னரே 1860ஆம் ஆண்டில் அந்நகரை விட்டுப் புறப்பட்டார். பதினேழு பேருக்கு உணவளித்த காலத்தில் கூலி பறிபோனதென்று கண்டோம். அக்காலத்திலே சேர்ந்த நற்பெயர்தான் இப்போது 1,200 டொலராக வந்து நின்றது. அவரை நம்பிக் கடன் கொடுத்தவர்கள், அவருடைய தையலை உடுத்திப் பார்த்தவர்கள்.

உரிமை பெற்ற தாய் மகனுடைய கல்வியை எண்ணினார். ஒகாயோ மாநிலத்திலே கறுப்பின மாணவருக்கென நிறுவப்பட்ட வில்பர்போர்ஸ் பல்கலைக்கழகத்துக்கு ஜோர்ஜ் அனுப்பப்பட்டான். தாய் பால்ற்றிமோர் நகருக்குச் சென்று, கறுப்பின இளம் பெண்களுக்குத் துணி வெட்டவும் உடலுக்குப் பொருத்தவும் கற்பிக்கும் வகுப்பொன்றை நடத்த முயன்றார். ஆறு வாரங்கள் முயன்றும் அது பயன் தரவில்லை. வாஷிங்டன் நகருக்குச் செல்லும் வழிச் செலவுக்கு மாத்திரமே கையிற் பணம் எஞ்சியது.

வாஷிங்டனில் நாளொன்றுக்கு இரண்டரை டொலர் கூலிக்குத் தையல் வேலை கிடைத்தது. ஆனால் கறுப்பினத்தவர் அந்நகரிலே தங்குவதற்கு அனுமதிப் பத்திரம் வேண்டும். அவர் அடிமையல்லர் என்பதற்குச் சான்று கூறவும் ஒருவர் வேண்டும். அங்கும் உதவிக்கு வந்தவள் ஒரு வாடிக்கைப் பெண்மணியே. சில மாதங்களிலே பெரிய குடும்பங்களின் வேலை வரத் தொடங்கியது. அந்த ஆண்டில் வேல்ஸ் இளவரசருக்கு அளிக்கப்பட்ட விருந்துக்கென ஒரு படை அதிகாரியின் மனைவிக்கு அவர் தைத்த பட்டுடை எல்லாருடைய பாராட்டையும் பெற்றது. அவ்வுடைக்கு வேண்டிய நாடாவும் லேசும் வாங்கிய கடையிலே அவருக்கு 25 டொலர் தரகு கிடைத்தது. தையற்கூலி ஒரு வருவாய். துணியும் அணிகளும் தெரிந்தெடுக்கும் அறிவு மற்றொரு வருவாய் என்பதை அவர் அப்போது கண்டுகொண்டார்.

செனற்றர் ஜெபர்சன் டேவிஸின் மனைவி வரீனா டேவிஸுக்கும் அவர் உடை தைத்தார். உள்நாட்டுப் போர் நெருங்கியபோது டேவிஸ் குடும்பத்தினர் தம்மோடு தெற்கே வருமாறு அவரை அழைத்தனர். நன்கு எண்ணிப் பார்த்த எலிசபெத் வடக்கிலேயே தங்கிவிட்டார். அந்த டேவிஸே பின்னர் தென்மாநிலக் கூட்டமைப்பின் தலைவரானார். போர் முடிந்தபின் டேவிஸ் பெண்ணுடை தரித்துத் தப்ப முயன்றார் என்றொரு கதை நாடெங்கும் பரவியது. 1865ஆம் ஆண்டில் சிக்காகோவில் நடைபெற்ற ஒரு கண்காட்சியிலே, டேவிஸின் மெழுகுருவம் ஒன்றுக்கு அவர் தரித்திருந்ததாகச் சொல்லப்பட்ட உடை போர்த்தப்பட்டிருந்தது. அதனைப் பார்த்த எலிசபெத், இது திருமதி டேவிஸுக்காக நான் தைத்த உடையாயிற்றே என்று கண்டுகொண்டாராம். தன் தையலைத் தானே அறிந்துகொள்ளும் கண், சொந்தக் கைவரிசை உடையவருக்கே உண்டு.

1861ஆம் ஆண்டு மார்ச் 4ஆந் தேதி ஆபிரகாம் லிங்கன் குடியரசுத் தலைவராகப் பதவியேற்றார். அதற்கு மறுநாள் எலிசபெத் வெள்ளை மாளிகைக்கு அழைக்கப்பட்டார். அவருக்கு முன்னரே வேறு மூன்று தையற்பெண்கள் அங்கே காத்திருந்தனர். திருமதி மேரி லிங்கன் விலையைப்பற்றியே முதலிற் பேசினார். தாம் செல்வர் அல்லர் என்றும், குறைந்த கூலிக்குத் தைத்தால் வேலை நிறையத் தருவதாகவும் கூறினார். முதல் உடை, நீரலைபோன்ற மினுக்கமுடைய ரோஜா நிறப் பட்டு. அது விருந்துக்குச் சற்று முன்னரே வந்து சேர்ந்ததனால் அம்மையார் சினந்து, உடுக்க முடியாதென்று மறுத்தார். எலிசபெத் பொறுமையோடு உடுத்திவிட்டார். உடை உடலோடு பொருந்தி அமைந்ததைக் கண்டபின் சினம் தணிந்தது, லிங்கனும் பாராட்டினார். அவ்வாண்டு வேனிற்காலத் தொடக்கத்துக்குள் பதினைந்து பதினாறு உடைகளை அவர் அந்த அம்மையாருக்குத் தைத்தார்.

அவருடைய கலைக்கு ஊக்கம் எங்கிருந்து வந்தது? அதனை அவர் விரித்து எழுதவில்லை. தைத்தவற்றிலிருந்தே நாம் ஊகிக்க வேண்டும். வாஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் அரும்பொருட்சாலையிலே மேரி லிங்கனின் ஊதா நிற வெல்வெற்று உடையொன்று பாதுகாக்கப்படுகின்றது. அதனைத் தைத்தவர் எலிசபெத் கெக்லியே என்று கருதப்படுகின்றது. ஒரே பாவாடைக்கு இரண்டு மேற்சட்டைகள்: பகலுக்கு ஒன்று, மாலை விருந்துக்கு ஒன்று. ஓரங்களிலே வெண்பட்டுக் கோடு. அழகோடு சிக்கனமும், ஆடம்பரத்தோடு அடக்கமும் அதிலே அமைந்துள்ளன. எழுபது பேருக்கு உடை தைத்த தாயிடம் பழகிய கைக்குத் துணியை வீணாக்காமை இயல்பாயிற்று. எதிரே நிற்பவரின் உடலையும் வயதையும் மனநிலையையும் உற்றுநோக்குதல் பல ஆண்டுத் தொழிலால் வந்தது. ஊக்கம் வரும்வரை காத்திருக்க அவருக்கு நேரம் இருந்ததில்லை. வேலையே அவருக்கு ஊக்கத்தைக் கொடுத்தது.

புகழ் ஏறிய அதே ஆண்டிலே பேரிடியும் விழுந்தது. போர் தொடங்கியதும் ஜோர்ஜ் கல்வியை விட்டு வடமாநிலப் படையிற் சேர்ந்தான். அப்போது கறுப்பினத்தவரைப் படையிற் சேர்ப்பதில்லை. வெள்ளையரைப் போன்ற தோற்றத்தால் அவன் வெள்ளையனாகவே சேர்ந்தான். 1861ஆம் ஆண்டு ஆகஸ்ட் 10ஆந் தேதி, மிசூரியில் நடந்த வில்சன்ஸ் கிறீக் போரிலே அவன் மாண்டான். எந்த மாநிலத்திலே அவனுடைய விடுதலையைத் தாய் விலை கொடுத்து வாங்கினாரோ, அந்த மாநில மண்ணிலேயே அவன் வீழ்ந்தான். ஆனால் 1,200 டொலருக்கு வாங்கிய உரிமை பயனற்றுப் போயிற்று என்று சொல்லலாமா? அடிமையாகப் பிறந்தவன், தானே தெரிந்தெடுத்த கடமையைச் செய்து, உரிமையுள்ள மனிதனாக இறந்தான். அந்தத் தெரிவைச் செய்யும் ஆற்றலே தாய் வாங்கிக்கொடுத்த சொத்து. பின்னர் அரசாங்கம் அத்தாய்க்கு மாதம் 8 டொலர் உபகாரச் சம்பளம் வழங்கியது.

ஆறு மாதங்கள் கழித்து, 1862ஆம் ஆண்டு பெப்ருவரியில், லிங்கனின் மகன் வில்லி காய்ச்சலால் இறந்தான். அச்சிறுவனின் உடலைக் கழுவி ஆடை உடுத்தியவர் எலிசபெத். பிள்ளையை இழந்த இரண்டு தாய்மார் அந்த மாளிகையிலே ஒருவருக்கொருவர் ஆறுதலாயினர். அவ்வாண்டில், தெற்கேயிருந்து தப்பி வந்து வாஷிங்டன் வீதிகளிலே பசியால் வாடிய கறுப்பின மக்களுக்கென எலிசபெத் ஓர் உதவிச் சங்கத்தை அமைத்தார். மேரி லிங்கன் 200 டொலர் வழங்கினார். பெரும் பேச்சாளராகிய பிரெடெரிக் டக்ளஸும் பொருளுதவி செய்தார்.

இனி அவருடைய வீழ்ச்சியையும் சொல்ல வேண்டும். 1865ஆம் ஆண்டில் லிங்கன் கொலையுண்டார். கடன்பட்டிருந்த மேரி லிங்கன் 1867ஆம் ஆண்டிலே தம் பழைய உடைகளை நியூ யோர்க்கில் விற்க முயன்றபோது, எலிசபெத் தம் தொழிலை நிறுத்திவிட்டு உடன் சென்று உதவினார். செய்தித்தாள்கள் அம்மையாரை எள்ளி நகையாடின. அவருடைய பெயரைக் காக்கவும், தமக்கு ஏற்பட்ட பொருள் நட்டத்தை ஓரளவு ஈடுசெய்யவும் எண்ணி எலிசபெத் தமது நூலை எழுதினார். ஆனால் அதன் இறுதியிலே மேரி லிங்கன் அவருக்கு எழுதிய தனிக்கடிதங்கள் அச்சாகியிருந்தன. வெளியிட உதவியவர் தமது இசைவின்றியே அவற்றைச் சேர்த்துவிட்டார் என்பது எலிசபெத்தின் கூற்று. நட்பு முறிந்தது. வீட்டின் உள்ளறைக்குள்ளே நுழைந்து உடலளவு எடுப்பவள் வீட்டுச் செய்தியை வெளியே எழுதிவிட்டாள் என்று சீமாட்டிகள் அஞ்சினர். வேலை குறைந்துகொண்டே சென்றது.

இங்கே நீதி முற்றாகத் துலங்கியது என்று கூற முடியாது. அடிமையாயிருந்த ஒரு கறுப்பினப் பெண் பேனா பிடித்ததையே பொறாதவரும் அன்று இருந்தனர். ஆயினும் ஒரு தொழிலுண்மை தெளிவாகின்றது. நற்பெயரே அவருக்கு முதலாயிருந்தது. கைத்திறன் சிறிதும் குன்றாதிருந்தும் அம்முதல் குறைந்தபோது வருவாயும் குறைந்தது. வீட்டிலிருந்து கைத்தொழில் செய்யும் தாய்மார்க்கு இது எக்காலத்தும் பொருந்தும். சொன்ன நாளிலே கொடுத்தல், கேட்டதை வெளியிற் பேசாதிருத்தல், வாங்கிய கடனைத் தீர்த்தல் ஆகியனவும் தையலின் பகுதிகளே.

1892ஆம் ஆண்டில், எழுபது வயதைக் கடந்த எலிசபெத், வில்பர்போர்ஸ் பல்கலைக்கழகத்திலே தையற்கலைப் பகுதிக்குத் தலைமையேற்றார். தம் மகன் கற்ற இடத்திலேயே பிறருடைய பெண்மக்களுக்கு ஆசிரியரானார். 1893ஆம் ஆண்டிலே சிக்காகோவில் நடைபெற்ற உலகக் கண்காட்சியில் உடைகளைக் காட்சிக்கு வைக்கவும் ஏற்பாடு செய்தார். உடல்நலம் குன்றவே வாஷிங்டன் திரும்பினார். 1907ஆம் ஆண்டு மே மாதத்தில், ஆதரவற்ற கறுப்பினப் பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமென அமைந்த இல்லத்திலே உயிர் நீத்தார். அவர் அடக்கம் செய்யப்பட்ட கல்லறைத் தோட்டம் 1960ஆம் ஆண்டளவில் இடம் மாற்றப்பட்டபோது அவருடைய எச்சங்களும் அடையாளமின்றி வேறிடம் சென்றன. 2010ஆம் ஆண்டிலேதான் அங்கே அவருடைய பெயர் பொறித்த நினைவுக்கல் நாட்டப்பட்டது.

நேயர்களே, கைத்தொழிலால் ஈட்டிய பொருளை வரவு செலவுக் கணக்கிலே எழுதினால் எலிசபெத்தின் வாழ்க்கை வறுமையிலே முடிந்ததென்று தோன்றும். கணக்கின் மறுபக்கத்தையும் பார்ப்போம். ஒரு தாயைக் கூலிவேலையிலிருந்து காத்தது அந்த ஊசி. ஒரு மகனுக்கு உரிமைப் பத்திரமும் கல்வியும் வாங்கியது. பசித்தவர்களுக்காக ஒரு சங்கத்தை அமைக்கும் செல்வாக்கைக் கொடுத்தது. வேர்ஜீனியாவில் அக்னெஸ் தன் மகளுக்குச் சொல்லிக்கொடுத்த தையல், அறுபது எழுபது ஆண்டுகளின் பின்னர் ஒரு பல்கலைக்கழக வகுப்பிலே பாடமாயிற்று. நம் வீடுகளிலே ஒரு தாய் தைத்தும் பின்னியும் முடைந்தும் காசு ஈட்டுவாளாயின், அந்தக் காசை அவள் கையிலேயே இருக்க விடுவோம். அவள் செய்த பொருளை அவள் பெயராலேயே வழங்குவோம். அவள் அறிந்த கலையை அவளுடைய பிள்ளை அருகிலிருந்து கற்றுக்கொள்ளவும் இடங்கொடுப்போம்.